மகளின் பேறுகாலத்துக்கு லண்டன் பயணம்: யாருக்கு இடிஏ, யாருக்கு விசா?

கேள்வி: எனக்கு வயது 58. கிள்ளானில் இருக்கிறோம். லண்டனில் வேலை செய்யும் என் மகளுக்கு இது முதல் பிரசவம். குறித்த நாளுக்குக் கொஞ்சம் முன்பே போய் அவளோடு இருக்க வேண்டும். நான் மலேசியக் குடிமகள். என் கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறார். பல ஆண்டுகளாக இங்கே நிரந்தரவாசி, சிவப்பு அடையாளக் கார்டு. எட்டு வயதுப் பேத்தியையும் பள்ளி விடுமுறையில் அழைத்துப் போகிறோம். என் மகன் மாணவர் விசாவில் லெஸ்டரில் படித்தபோது அங்கே பிறந்தவள் அவள்; மலேசியக் கடப்பிதழ். ஒரு மாதத்தில் என் கணவர் அவளோடு திரும்பிவிடுவார், நான் இருப்பேன். ஆளுக்கு 450 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் மூவருக்கும் இடிஏ என்ற பிரிட்டன் பயண அனுமதி எடுத்துத் தருவதாக ஒரு பயண முகவர் சொல்கிறார். 2018இல் என் கணவருக்கு பிரிட்டன் விசா மறுக்கப்பட்டது. அதை எங்கும் எழுத வேண்டாம் என்கிறார். இடிஏ இரண்டு வருடம் செல்லுமாமே, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை நான் இருக்கலாமா? இடையில் டொரொண்டோவில் உள்ள தம்பி வீட்டுக்குப் போய்த் திரும்பினால் மறுபடி ஆறு மாதம் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். என் கடப்பிதழ் எட்டு மாதத்தில் முடிகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, அந்த முகவரிடம் இப்போதைக்குப் பணம் எதுவும் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் பேத்திக்கும் இடிஏ போதும். உங்கள் கணவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது, அவருக்கு விசாதான். மூவருக்கும் இடிஏ எடுத்துத் தருகிறேன் என்கிறவருக்கு ஒன்று விவரம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டில் எதுவானாலும் உங்கள் கணவரின் கடப்பிதழை அவர் கையில் ஒப்படைக்கக் கூடாது.

இடிஏ எனப்படும் மின்னியல் பயண அனுமதி, ஒருவர் எந்த நாட்டுக் கடப்பிதழில் பயணம் செய்கிறார் என்பதைப் பார்த்துத் தரப்படுவது. எங்கே குடியிருக்கிறார், எத்தனை வருடமாக இருக்கிறார், மனைவி எந்த நாட்டவர் என்பதெல்லாம் அதில் சேராது. பிரிட்டனுக்குச் சுற்றுலாவாக வர முன்பே விசா தேவைப்படாத நாடுகளுக்குத்தான் இந்த ஏற்பாடு. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட நாட்டவருக்கு 2025 ஜனவரி 8 முதலும், ஐரோப்பிய நாட்டவருக்கு அதே ஆண்டு ஏப்ரல் 2 முதலும் இது கட்டாயமானது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் கணவரின் சிவப்புக் கார்டு மலேசியாவில் அவருக்குள்ள உரிமைக்குச் சான்று. பிரிட்டன் குடிநுழைவுத் துறைக்கு அவர் இந்தியக் குடிமகன், அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்து ஒரே விமானத்தில் ஏறினாலும் கடப்பிதழ் வேறானால் வழியும் வேறு. ஆகவே மூவரின் வேலையையும் ஒரே கட்டாகக் கட்டாமல் தனித்தனியாகப் பாருங்கள்.

உங்களிடமிருந்து தொடங்குகிறேன். இடிஏ எடுப்பதற்கு முன் கடப்பிதழைப் புதுப்பியுங்கள். பிரிட்டனுக்கு ஆறு மாதச் செல்லுபடி விதி கிடையாது. தங்கும் காலம் முழுக்கக் கடப்பிதழ் உயிரோடு இருந்தால் போதும். ஆனாலும் புதுப்பிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடிஏ இரண்டு ஆண்டு செல்லும் என்பது பாதி உண்மை. இரண்டு ஆண்டு, அல்லது கடப்பிதழ் முடியும் நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரைதான். அனுமதி ஒட்டியிருப்பது அந்தக் கடப்பிதழ் எண்ணில். இன்றைக்கு எடுத்துவிட்டு அடுத்த மாதம் கடப்பிதழை மாற்றினால் பழைய அனுமதி புதிய எண்ணுக்குத் தானாக வராது, திரும்பக் கட்டணம் கட்டிப் புதிதாக எடுக்க வேண்டும். இது தெரியாமல் புதுக் கடப்பிதழோடு கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) முகப்பில் வந்து நிற்பவர்கள் உண்டு. விமான நிறுவனத்தின் கணினி புது எண்ணைத் தட்டிப் பார்க்கும். அனுமதி இல்லை என்று வந்தால் ஏற்ற மாட்டார்கள். தொடக்கத்தில் இதில் கொஞ்சம் விட்டுப் பிடித்தார்கள். 2026 பிப்ரவரி 25 முதல் அது கிடையாது. கனடா விசாவுக்கும் புதுக் கடப்பிதழ்தான் நல்லது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புதுக் கடப்பிதழ் கைக்கு வந்ததும் கைப்பேசியில் ஆப்பிள் அல்லது கூகல் செயலிக் கடையிலிருந்து 'யூகே இடிஏ' என்ற செயலியை இறக்குங்கள். பிரிட்டன் அரசு வெளியிட்டது அது ஒன்றுதான். வெளியிட்டவர் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடப்பிதழில் உங்கள் படமுள்ள பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லும். கீழே அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியும் முழுதாகத் தெரிய வேண்டும், விளக்கு வெளிச்சம் அதன்மேல் பளிச்சென்று அடிக்கக் கூடாது. அடுத்து, கடப்பிதழுக்குள் இருக்கும் சில்லை (சிப்) கைப்பேசி படிக்க வேண்டும். உலகிலேயே முதன்முதலில், 1998இலேயே, சில்லு வைத்த கடப்பிதழை வெளியிட்ட நாடு மலேசியா. எனவே உங்கள் கடப்பிதழில் அது நிச்சயம் இருக்கிறது.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில். கைப்பேசியின் உறையைக் கழற்றுங்கள், குறிப்பாகக் காந்தம் வைத்த உறையை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில், சில்லைப் படிக்க உதவும் என்எஃப்சி வசதி திறந்திருக்கிறதா என்று அமைப்பில் பாருங்கள். கடப்பிதழை மரமேசைமேல் வையுங்கள். இரும்பு மேசை வேண்டாம். கைப்பேசியை அதன் அட்டைமேல் படிய வைத்து அசைக்காமல் சில விநாடி காத்திருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குலம் கீழே நகர்த்திப் பாருங்கள். ஐபோனில் படிக்கும் பகுதி மேல்விளிம்பில் இருக்கும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முதுகின் நடுவில். படித்து முடியும் முன் எடுத்துவிடுவதால்தான் பலமுறை தவறுகிறது. கைப்பேசி பழையது, என்எஃப்சியே இல்லை என்றால் அதற்காகப் புதிது வாங்க வேண்டாம். பிரிட்டன் அரசு இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அங்கே கடப்பிதழ் படத்தையும் உங்கள் படத்தையும் ஏற்றினால் போதும். விண்ணப்பிப்பது வேறு கைப்பேசியிலும் இருக்கலாம், பயணத்தின்போது அந்தக் கைப்பேசி உங்களிடம் இருக்க வேண்டியதில்லை.

அதன்பின் முகத்தைக் கேமராவில் காட்டச் சொல்லும், ஒரு படம் எடுக்கும். முகவரி, வேலை, வேறு குடியுரிமை உண்டா, குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்கும். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கும், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் குற்றத் தீர்ப்பு பெற்றவருக்கும் இடிஏ மறுக்கப்படும். இல்லாதவர் இல்லை என்று சொல்லிக் கடந்துபோகலாம்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல், இன்னாரின் மகள், மகன் என்பதைக் குறிக்கப் பெயரில் இருக்கும் ஏ/பி, ஏ/எல் என்ற மலாய்ச் சுருக்கம். சாய்கோட்டை இணையப் படிவங்கள் பல ஏற்பதில்லை. செயலி சில்லிலிருந்து படித்துக் காட்டும் பெயரை நீங்களாகத் திருத்தாதீர்கள். கையால் நிரப்பும் இடம் வந்தால், கடப்பிதழின் அடியில் உள்ள இரண்டு வரி எந்திர எழுத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். விமானச் சீட்டிலும் அதையே பின்பற்றுங்கள். பெயரைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது கடப்பிதழ் எண். பூச்சியம் எது, ஆங்கில ஓ எழுத்து எது என்பதில் ஒன்று மாறினாலும் அந்த அனுமதி உங்களுடையது ஆகாது.

கட்டணம் 2025 ஏப்ரல் 9இல் ஆளுக்கு 16 பவுண்டு ஆனது. அதை 20 ஆக்கப்போவதாக அரசு அறிவித்திருந்தது. பணம் கட்டும் திரையில் என்ன தொகை வருகிறதோ அதுதான் அன்றைய கட்டணம். 450 வெள்ளியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பணத்தைவிட எனக்குக் கவலை வேறு. முகவர் தம் மின்னஞ்சலைக் கொடுத்து நிரப்பினால் முடிவு அவருக்குத்தான் போகும், கேள்விகளுக்கு அவர் என்ன பதில் போட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. பதிலுக்குப் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில். இணையத்தில் தேடும்போதும் மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த தனியார் தளமாக இருக்கும். முகவரி 'கவ் டாட் யூகே' என்று முடியாவிட்டால் மூடிவிடுங்கள். மகனோ மகளோ உடனிருந்தால் அரை மணி நேர வேலை. முடிவு பலருக்குச் சில நிமிடத்தில் வந்துவிடும், ஆனால் மூன்று வேலைநாள் ஆகலாம் என்றே கணக்கு வையுங்கள். விமானத்துக்கு முந்தின இரவு உட்காருவது வேண்டாம். மறுத்தால் கட்டணம் திரும்பாது, மேல்முறையீடும் இல்லை. அப்படி மறுக்கப்பட்டவரும் விசாவுக்குத்தான் போக வேண்டும்.

பேத்திக்குத் தனி இடிஏ, தனிக் கட்டணம். கைக்குழந்தைக்கும் அப்படியே. பெற்றோர் யாராவது அவளுக்காக அதே செயலியில் நிரப்பலாம். அவள் பிறந்த ஊர் லெஸ்டர் என்பதால் ஒரு நியாயமான கேள்வி எழும்: இவள் பிரிட்டன் குடிமகளா? பிரிட்டன் குடியுரிமை உள்ளவருக்கு இடிஏ கிடையாது. 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. பிறந்த நாளில் தாய் தந்தையரில் ஒருவராவது பிரிட்டன் குடியுரிமையோ நிரந்தரத் தங்கும் உரிமையோ பெற்றிருக்க வேண்டும். உங்கள் மகன் மாணவர் விசாவில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். மருமகளும் அவரைச் சார்ந்த விசாவில்தான் இருந்தார் என்றால் பேத்தி பிரிட்டன் குடிமகள் அல்லள், இடிஏ சரி. மருமகளின் அன்றைய நிலை என்ன என்று மகனிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். இருவரின் பழைய விசா நகல்களையும் எடுத்து வையுங்கள். எல்லையில் யாராவது கேட்டால் பேச்சு நீளாது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நிலைமை மாறி இருந்து, பிள்ளை பிறந்தபோது பெற்றோரில் ஒருவருக்கு அங்கே நிரந்தர உரிமை இருந்திருந்தால், அந்தப் பிள்ளை பிரிட்டன் கடப்பிதழிலோ, அங்கே வசிக்கும் உரிமையைக் காட்டும், 2025இல் 589 பவுண்டு கட்டணமிருந்த உரிமைச் சான்றிதழோடோதான் போக வேண்டியிருக்கும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, கூட்டரசு அரசமைப்பின் 24ஆம் பிரிவு குடியுரிமையைப் பறிக்கவும் இடம் தருகிறது. அந்த நிலையில் உள்ளவர்கள் பிரிட்டன் கடப்பிதழுக்குக் கையெழுத்துப் போடும் முன் இங்குள்ள வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியோடு வரும் பிள்ளையைப் பற்றிக் குடிநுழைவு அதிகாரி நிச்சயம் விசாரிப்பார். அது அவர் கடமை, கோபப்பட வேண்டாம். மகனும் மருமகளும் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கையெழுத்திடட்டும்: யார் அழைத்து வருகிறார்கள், எந்தத் தேதி முதல் எதுவரை, லண்டனில் எந்த முகவரி, திரும்பும்போது யாரோடு, தங்கள் தொலைபேசி எண். இருவரின் அடையாளப் பக்க நகலையும் இணையுங்கள். உறவை நிரூபிப்பதில்தான் நமக்குச் சங்கடம். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது; பேத்தி பெயருக்குப் பின்னால் மகன் பெயர், மகன் பெயருக்குப் பின்னால் உங்கள் கணவர் பெயர், உங்கள் பெயருக்குப் பின்னால் உங்கள் அப்பா பெயர். மூன்று கடப்பிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் ஒரே குடும்பம் என்பது தெரியாது. பேத்தியின் லெஸ்டர் பிறப்புப் பத்திரம் ஆங்கிலத்திலேயே இருக்கும், அதில் மகன் பெயர் இருக்கும். மகனின் பிறப்புப் பத்திரத்தில் உங்கள் இருவர் பெயரும் இருக்கும், ஆனால் அது மலாயில். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுபோங்கள். இந்த இரண்டு தாளும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

இனி உங்கள் கணவர். நேரமும் கவனமும் அதிகம் தேவைப்படுவது இவருக்குத்தான். ஆகவே விமானச் சீட்டு வாங்கும் முன் இதைத் தொடங்குங்கள். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தரவாசி என்பதால் மலேசியாவிலிருந்தே போடலாம். இந்தியா போக வேண்டாம். இணையத்தில் படிவம், பின் கோலாலம்பூரில் உள்ள விண்ணப்ப மையத்தில் விரல்ரேகையும் படமும். அதிலிருந்து பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். ஆறு மாத விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. நீங்கள் கட்டும் நாளில் படிவம் காட்டுவதே செல்லும். இரண்டு, ஐந்து, பத்து ஆண்டு விசாக்களும் உண்டு. ஒருமுறை மறுக்கப்பட்டவருக்கு இப்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீண்ட கால விசாவுக்குக் கட்டிய பின் அதிகாரி குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுத்தால் மிச்சப் பணம் திரும்பாது. மேலும் ஆறு மாத விசாவின் காலம் அவர் லண்டனில் இறங்கும் நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. விசாவில் குறித்த தொடக்க நாளிலிருந்து ஓடும். படிவத்தில் பயண நாளைச் சரியாகப் போடுங்கள், சும்மா முன்தேதி போட வேண்டாம்.

2018இல் மறுக்கப்பட்டதைக் கட்டாயம் எழுதுங்கள். உங்களுக்கு எப்போதாவது பிரிட்டனோ வேறு நாடோ விசா மறுத்ததா என்று படிவம் நேராகவே கேட்கிறது. இல்லை என்று போட்டால் என்ன ஆகும்? அன்று அவர் கொடுத்த விரல்ரேகையும் மறுப்பு முடிவும் அவர்கள் பதிவில் இருக்கின்றன. மறைத்தது பொய்த் தகவல் என்று ஆனால் இந்த விண்ணப்பம் போவதோடு நிற்காது, பத்து ஆண்டுத் தடை விழும். மறுக்கப்பட்டது குற்றம் அல்ல, மறைத்தால்தான் குற்றம். மறைக்கச் சொன்ன முகவரை விட்டு விலக இந்த ஒரு காரணமே போதும்.

மறுப்புக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அதில் ஒவ்வொரு காரணமும் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: பணம் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை, அல்லது நாடு திரும்புவார் என்று நம்பிக்கை இல்லை. இப்போது ஒரு பக்கக் கடிதத்தில் அந்த ஒவ்வொரு காரணத்துக்கும் நேரடிப் பதில் எழுதி, பதிலுக்கு ஏற்ற தாளைப் பின்னால் வையுங்கள். கடிதம் தொலைந்துபோயிருந்தால் எந்த ஆண்டு, எங்கே விண்ணப்பித்தார், நினைவில் உள்ள காரணம் என்ன என்பதை உள்ளபடி எழுதுங்கள்.

வங்கிக் கணக்கு ஆறு மாதத்துக்கு எடுங்கள். இதில் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை, விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் உறவினரிடம் முப்பதாயிரம் வெள்ளி வாங்கிக் கணக்கில் போடுவது. மாதம் மூவாயிரம் வந்துபோகும் கணக்கில் திடீரென்று ஒரு பெருந்தொகை விழுந்தால் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். கணக்கில் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளதைக் காட்டுங்கள். செலவை மகள் ஏற்கிறார் என்றால் அதையே சொல்லுங்கள். மகள் தர வேண்டியவை: அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, அங்கே இருக்கும் உரிமைக்குச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுரிமைத் தாள், பிரசவ நாளைக் குறிக்கும் மருத்துவமனைக் கடிதம். கணவர் தர வேண்டியவை: வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம், தொழில் இருந்தால் பதிவுச் சான்று, ஓய்வு பெற்றவர் என்றால் ஊழியர் சேமநிதி அறிக்கை, வீட்டு கிராண் (வீட்டுரிமைப் பத்திரம்), சிவப்புக் கார்டு, திருமணப் பத்திரம். மலாயில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கிராணை அப்படியே மலாயில் வைத்துவிட்டு, வீடு இருந்தும் மறுத்துவிட்டார்களே என்று வருந்துவதில் பயனில்லை. படிக்க முடியாத தாளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பேத்தியோடு ஒரு மாதத்தில் திரும்புகிறார் என்பது இவருக்குப் பெரிய பலம். பள்ளி திறக்கும் தேதியை எழுதுங்கள். கிளம்பும் முன் அவருடைய கடப்பிதழில் மலேசியாவுக்கான மறுநுழைவு அனுமதி, திரும்பும் நாளைத் தாண்டிச் செல்லுபடியாக இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையில் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன் போவதையே நினைத்துத் திரும்பி வரும் வழியை மறந்துவிடுகிறார்கள். பழைய இந்தியக் கடப்பிதழ்களையும் எறியாதீர்கள். முன்பு போன நாடுகளிலிருந்து நேரத்தில் திரும்பியதற்கு அவைதான் சான்று. பிரிட்டன் இப்போது ஒட்டும் விசாவிலிருந்து மின்விசாவுக்கு மாறிவருகிறது. முடிவு மின்விசாவாக வந்தால், அதற்கான கணக்கில் இருப்பது கையில் உள்ள கடப்பிதழ் எண்தானா என்பதைப் பயணத்துக்கு முன்பே பாருங்கள்.

அடுத்து உங்கள் முக்கியமான கேள்வி. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இருக்கலாமா? இருக்க முடியாது, அம்மா. இடிஏ இரண்டு ஆண்டு செல்லும் என்றால், இரண்டு ஆண்டுக்குள் எத்தனை முறையும் பயணம் கிளம்பலாம் என்று பொருள். ஒரு வருகையில் தங்குவது அதிகம் போனால் ஆறு மாதம். டொரொண்டோ போய் இரண்டு வாரத்தில் திரும்பினால் இன்னோர் ஆறு மாதம் தானாகக் கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் விதியின் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். அடிக்கடியோ அடுத்தடுத்தோ வந்து, பிரிட்டனையே தம் வீடாக்கிக்கொள்கிறவர் வருகையாளர் அல்லர். வருடத்துக்கு இத்தனை நாள் என்று விதியில் எண் எதுவும் இல்லை. அதிகாரி உங்கள் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்வார். ஐந்தரை மாதம் இருந்தவர் பதினைந்து நாள் வெளியே போய் வந்து மறுபடி ஆறு மாதம் கேட்டால் திருப்பி அனுப்ப அவருக்கு முழு அதிகாரம் உண்டு. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் அடுத்த பயணங்களுக்கும் அது தொடரும். நான் சொல்வது, மூன்று நான்கு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். அதே அளவாவது இங்கே இருந்த பின் மறுபடி போங்கள். இடிஏ அப்போதும் செல்லும்.

உங்கள் கவலை வேறு ஒன்றும் இருக்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவது வேலை செய்வதாகிவிடுமா? பேறுகாலத்தில் மகளோடு இருப்பது, குளிப்பாட்டுவது, பத்தியம் சமைத்துப் போடுவது எல்லாம் குடும்பத்தினர் செய்வது, அதில் தடையில்லை. உறவினர் குறுகிய காலத்துக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைப் பிரிட்டன் குடிநுழைவுத் துறையின் வழிகாட்டியே ஏற்கிறது; சம்பளத்துக்கு வைத்த பிள்ளை காப்பாளர் போல ஆகக் கூடாது என்பதுதான் வரம்பு. மகள் வேலைக்குத் திரும்பிய பிறகு மாதக்கணக்கில் முழுநாளும் குழந்தை உங்கள் கையில் என்பது திட்டமானால், அது வருகையாளர் விதிக்குள் அடங்காது.

ஹீத்ரோவில் இறங்கியதும் சிங்கப்பூர்க்காரர்கள் தானியங்கி வாயிலில் போய்விடுவார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அந்த வசதி இல்லை, நீங்கள் மூவரும் அதிகாரி முன் நிற்க வேண்டும். சேர்ந்தே போங்கள், பேத்தி நடுவில். இடிஏ வந்துவிட்டது என்பதற்காக உள்ளே விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. விமானம் ஏற அது அனுமதி, நுழைவை முடிவு செய்பவர் இந்த அதிகாரி. ஏன் வந்தீர்கள் என்றால், மகளுக்குப் பிரசவம், உடனிருக்க வந்தேன் என்று சொல்லுங்கள். எத்தனை நாள் என்றால் திரும்பும் சீட்டில் உள்ள தேதியைச் சொல்லுங்கள். 'பார்க்கலாம்', 'மகள் விடும்வரை' என்பதெல்லாம் நமக்கு இயல்பான பேச்சு, அங்கே சந்தேகத்தைக் கிளப்பும். மகளின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தாளில் எழுதிக் கையில் வையுங்கள். கைப்பேசி மின்சாரம் தீர்ந்திருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் தலையாட்டிவிடாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தொலைபேசியில் ஏற்பாடு செய்வார்கள்.

பத்தியச் சாமான் பெட்டியில் நெய், பால்கோவா, இறைச்சி வகை எதுவும் வைக்காதீர்கள். மலேசியாவிலிருந்து பால்பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். நெய் லண்டன் கடைகளிலேயே தாராளமாகக் கிடைக்கும்.

டொரொண்டோவுக்கு வருகிறேன். கனடாவிலும் ஒரு மின்னியல் அனுமதி இருக்கிறது, ஏழு கனடா டாலர்தான், ஐந்து ஆண்டு செல்லும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது போதும். மலேசியக் கடப்பிதழுக்கு அது கிடையாது. பிரிட்டன் விசா கேட்காத உங்களிடம் கனடா விசா கேட்கும். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் குழம்பி, ஏழு டாலர் அனுமதியை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வருகையாளர் விசாக் கட்டணம் 100 கனடா டாலர், விரல்ரேகைக்கு 85. விசாவை அதிகபட்சம் பத்து ஆண்டு வரை தருவார்கள், ஆனால் கடப்பிதழ் ஆயுளைத் தாண்டாது. புதுக் கடப்பிதழ் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் விசா ஒட்டக் கடப்பிதழையே அனுப்ப வேண்டும். லண்டனில் இருக்கும்போது கடப்பிதழைக் கையைவிட்டு அனுப்புவது உங்களுக்கு நல்லதல்ல, ஆகவே கிள்ளானிலிருந்து கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள். புதுக் கடப்பிதழ் வந்த வாரமே விண்ணப்பித்தால்தான் நேரம் இருக்கும். தம்பி தரும் அழைப்புக் கடிதத்தில் அவர் முகவரி, வேலை, கனடாவில் அவருடைய நிலை, நீங்கள் தங்கும் நாள்கள் எல்லாம் இருக்கட்டும். உங்கள் இருவரின் பிறப்புப் பத்திரமும் மொழிபெயர்ப்போடு வேண்டும், உடன்பிறந்தவர்கள் என்பதைக் காட்ட.

லண்டனிலிருந்து டொரொண்டோவுக்கு நேர் விமானமே எடுங்கள். நியூயார்க், சிகாகோ வழியாகப் போகும் சீட்டு மலிவாகக் கண்ணில் படும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் குடிநுழைவைக் கடந்தே ஆக வேண்டும், அதற்கு மலேசியருக்கு அமெரிக்க விசா தேவை. சீட்டு விற்கும் தளம் இதைச் சொல்லாது. ஹீத்ரோ முகப்பில்தான் தெரியவரும். கனடா பயணத்தை லண்டன் தங்கலின் நடுவில் வையுங்கள், கடைசியில் வேண்டாம். இரண்டாம் மாதம் போய்த் திரும்பி, மேலும் ஒரு மாதம் மட்டும் இருந்து நாடு திரும்பும் சீட்டைக் காட்டினால், இரண்டாவது நுழைவில் உங்களைச் சந்தேகப்பட அதிகாரிக்குக் காரணம் இருக்காது.

மருத்துவக் காப்புறுதி இல்லாமல் கிளம்பாதீர்கள். பிரிட்டனில் வருகையாளர் மருத்துவமனையில் சேர்ந்தால் அவர்களின் வழக்கமான கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்துத் திரும்பினால் அடுத்த விசாவை அதைக் காட்டியே மறுக்கலாம். காப்புறுதி வாங்கும்போது இரத்த அழுத்தம், நீரிழிவு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மறைத்தால் தேவைப்படும் நாளில் பணம் தர மாட்டார்கள். ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் வரை செல்லும் என்ற வரியையும் படியுங்கள். ஆண்டு முழுதும் செல்லும் திட்டங்கள் பலவற்றில் ஒரே பயணத்துக்கு நாள் வரம்பு உண்டு, உங்கள் மூன்று நான்கு மாதம் அதைத் தாண்டிவிடலாம். கனடாவும் அதில் அடங்குகிறதா என்று கேட்டு, அடங்காவிட்டால் அந்த இரண்டு வாரத்துக்குத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.